பிறவி மூளைக் குறைபாடு: எந்த வாரத்தில், எப்படி?

குழந்தை தலையில் ஏதோ குறையோடு பிறந்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது "நீ என்ன செய்தாய்?" என்பதைத்தான். ஏழாம் மாதத்தில் படியில் வழுக்கியது, எட்டாம் மாதத்தில் வாளியைத் தூக்கியது, யாரோடோ சண்டை போட்டு அழுதது என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பார்கள். பதில் சொல்லும் இடத்தில் நிற்பவர் எப்போதும் தாய்தான். இந்தக் கேள்வி எனக்குக் கோபத்தை வரவைக்கிறது. அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் அந்த மாதத்துக்கு வெகுகாலம் முன்பே, பெரும்பாலான இக்குறைபாடுகளுக்கு வித்து விழுந்து முடிந்திருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "தலை சிறுத்துப்போச்சு", "தலையில் தண்ணி கோத்திருக்கு", "மூளை வளரல", "மண்டை கோணலா இருக்கு" என்று பேச்சில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். இவை நான்கும் வெவ்வேறு சங்கதிகள். உருவாகும் வாரம் வேறு, காரணம் வேறு, சிகிச்சை வேறு, அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பும் வேறு. எது எப்போது உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவற்றைப் புரிந்துகொள்வது சுலபம். அதனால் கருவின் நாள்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவோம்.

முதலில் ஒரு கணக்குச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவர்கள் கர்ப்பகாலத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். கருத்தரிப்பு நடப்பது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. எனவே மருத்துவர் "ஆறு வாரம்" என்றால் கருவின் வயது நான்கு வாரம்தான். இங்கே நான் சொல்லும் நாளும் வாரமும் கருத்தரித்ததிலிருந்து எண்ணியவை. ஸ்கேன் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் மருத்துவர் கணக்கு.

தட்டு குழாயாகும் பத்து நாள்

மூன்றாவது வாரத்தின் நடுப்பகுதியில் கரு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டையான வில்லை. அதன் மேலடுக்கின் நடுவில் ஒரு பட்டை தடிக்கத் தொடங்கும். இதற்கு நரம்புத் தட்டு என்று பெயர். மூளையும் தண்டுவடமும் இதிலிருந்துதான் வரவேண்டும்.

ஒரு நீளமான காகிதத்தை எடுத்து, அதன் இரண்டு நீள ஓரங்களையும் மேலே தூக்கி, ஒன்றையொன்று தொடும்வரை வளையுங்கள். குழாய் கிடைக்கும். நரம்புத் தட்டும் இதையேதான் செய்கிறது. காகிதத்தை வளைக்க உங்கள் கை இருக்கிறது. கருவில் அந்த வேலையைத் தட்டில் உள்ள செல்களே செய்கின்றன. குறிப்பிட்ட சில இடங்களில் செல்கள் தங்கள் மேல்முனையை மட்டும் இறுக்கிச் சுருக்கிக்கொள்ளும். மேலே குறுகலும் கீழே அகலமுமாக இப்படிப்பட்ட செல்கள் பக்கம்பக்கமாக நின்றால் அந்த இடம் தானாக மடியும். அதே நேரத்தில் செல்கள் நடுக்கோட்டை நோக்கி நெருங்கி வந்து, தட்டை ஒடுக்கி நீளமாக்கும். தட்டு ஒடுங்காமல் அகலமாகவே இருந்துவிட்டால் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று எட்டாது.

ஏறத்தாழ 22ஆம் நாளில், பின்னாளில் கழுத்து வரப்போகும் இடத்துக்கு அருகே, ஓரங்கள் முதலில் ஒட்டும். அங்கிருந்து தலைப்பக்கமும் வால்பக்கமும் மூடல் நகரும். தலைமுனை 25ஆம் நாள் வாக்கிலும், வால்முனை 28ஆம் நாள் வாக்கிலும் மூடிக்கொள்ளும். இப்போது உருவாகியிருப்பதுதான் நரம்புக் குழாய். அதன் முன்பகுதி உப்பி மூளையாகும், மீதி தண்டுவடமாகும், உள்ளே இருக்கும் வெற்றிடம் மூளையின் நீர் அறைகளாகும். குழாய் மூடியபிறகு அதன்மேல் தோல் அடுக்கு ஒன்றுசேரும். இரண்டுக்கும் நடுவே புகும் திசுவிலிருந்துதான் மண்டையோடும் முதுகெலும்பும் அதைப் போர்த்தும் உறைகளும் உருவாகும்.

28ஆம் நாள் என்றால் மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டே வாரம். கர்ப்பம் என்று பலருக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. அதற்குள் இந்தக் கட்டம் முடிந்துவிடுகிறது.

மூடாமல் போனால்

தலைமுனை மூடாவிட்டால் வருவது அனென்செஃபலி. மூளைத் திசு ஆரம்பத்தில் வளரத்தான் செய்யும். ஆனால் மேலே மூடியில்லாததால் பனிக்குட நீரில் நேரடியாக நனைந்துகொண்டே இருக்கும் அந்தத் திசு மெல்லச் சிதையும். குழாய் மூடாத இடத்தில் அதைப் போர்த்தும் திசுவும் சேராது. அதனால் மண்டையின் மேற்கூரை எலும்பும் உருவாகாது. முகமும் மண்டையின் அடிப்பகுதியும் இருக்கும். இந்தக் குழந்தைகள் இறந்தே பிறக்கலாம். உயிரோடு பிறந்தாலும் பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாளோதான்.

வால்பக்கம் மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா. தண்டுவடத்தின் ஒரு பகுதி முதுகில் திறந்தபடி இருக்கும். இது முதுகின் பிரச்சினைதானே என்று தோன்றும். ஆனால் இது மூளையையும் பாதிக்கும். திறந்த முதுகு வழியாக நீர் கசிந்துகொண்டே இருப்பதால் மூளையின் உள்ளறைகள் போதுமான அளவு விரியாது. பின்மண்டையில் இருக்கவேண்டிய இடம் சிறுத்துப்போய், சிறுமூளையின் ஒரு பகுதி கழுத்துப்பக்கம் கீழே தள்ளப்படும். இதை விளக்க இப்போது பெரிதும் ஏற்கப்பட்டிருக்கும் கருத்து இதுதான். குழந்தை கருப்பையில் இருக்கும்போதே முதுகை மூடும் அறுவை சிகிச்சை பற்றிய பெரிய ஆய்வு முடிவுகள் 2011இல் அமெரிக்காவில் வெளியாயின. அப்படி மூடப்பட்ட குழந்தைகளில், பிறகு மூளை நீரை வடிக்கக் குழாய் வைக்கவேண்டிய தேவை கணிசமாகக் குறைந்திருந்தது. முதுகுக்கும் தலைக்கும் இருக்கும் தொடர்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மூன்றாவதாக ஒன்று, என்செஃபலோசீல். மண்டையோட்டில் உள்ள ஒரு திறப்பு வழியாக மூளையின் உறையும், சில சமயம் மூளைத் திசுவும், தோலால் மூடிய பையாக வெளியே துருத்தி நிற்கும். பெரும்பாலும் குழாய் மூடிய பிறகு, அதைப் போர்த்த வேண்டிய அடுக்கில் விழும் இடைவெளிதான் இதற்குக் காரணம். பைக்குள் மூளைத் திசு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே குழந்தையின் எதிர்காலம். பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியும் பை ஆபத்தானதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

சுருக்கமாக: தட்டு குழாயாகி மூடவேண்டும், நாலாவது வாரத்துக்குள் மூடியாக வேண்டும். மூடாத இடம் எது என்பதைப் பொறுத்துக் குறைபாட்டின் பெயர் மாறுகிறது. ஏழாம் மாதத்து வழுக்கலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஃபோலிக் அமிலம் ஏன் இவ்வளவு முக்கியம்

குழாய் மூடும் நாள்களில் செல்கள் மிக வேகமாகப் பிரிந்து பெருகும். ஒவ்வொரு பிரிவுக்கும் டிஎன்ஏவைப் புதிதாகப் படியெடுக்க வேண்டும்; அதற்கு வேண்டிய மூலப்பொருளைத் தயாரிக்க ஃபோலேட் என்ற பி வகை வைட்டமின் தேவை. மாத்திரையாகக் கிடைக்கும் அதன் வடிவம்தான் ஃபோலிக் அமிலம்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 1991இல் வெளியானது. ஏற்கெனவே நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு ஒரு குழந்தையைப் பெற்ற பெண்களுக்கு, கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் கொடுத்ததில், அது திரும்ப வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. முன்பு அப்படிப் பாதிப்பு இல்லாதவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு இதைவிட மிகக் குறைவு: தினம் 400 மைக்ரோகிராம். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, முதல் மூன்று மாதம் வரை எடுக்கச் சொல்கிறார்கள்.

"முன்பே" என்ற இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கர்ப்பம் உறுதியாகி, மருத்துவரைப் பார்த்து, அப்புறம் மாத்திரை தொடங்கும்போது குழாய் மூடும் நாள் கடந்திருக்கும். இதனால்தான் அமெரிக்கா 1998 முதல் தானிய மாவிலேயே ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது; பிறகு பல நாடுகள் அதே வழியில் போயின. திட்டமிடாத கர்ப்பத்துக்கும் பாதுகாப்புக் கிடைக்க இது ஒன்றுதான் வழி என்பது என் எண்ணம்.

அதற்காக, குறைபாடு வந்தது என்றாலே தாய் மாத்திரை சாப்பிடவில்லை என்று அர்த்தமில்லை. முறையாக எடுத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. பல மரபணுக்களின் சேர்க்கை, கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் மருந்து ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். வலிப்பு மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதனால் வலிப்பு வந்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள முடியும்.

ஒன்று இரண்டாகும் கட்டம்

குழாய் மூடிய கையோடு, ஐந்தாவது வாரத்தில், முன்மூளை வலம் இடம் என இரண்டு அரைக்கோளங்களாகப் பிரியத் தொடங்கும். கருவின் நடுக்கோட்டிலிருந்து வரும் ஒரு புரதச் சமிக்ஞை இந்தப் பிரிவை நடத்துகிறது. சமிக்ஞை பலவீனமானால் மூளை முழுதாகப் பிரியாது. இது ஹோலோப்ரோசென்செஃபலி. முகத்தின் நடுப்பகுதியும் அதே சமிக்ஞையைக் கேட்டுத்தான் உருவாகிறது என்பதால், கண்கள் மிக நெருங்கி இருப்பது, முன்பல் நடுவில் ஒன்றே ஒன்றாக முளைப்பது போன்ற அடையாளங்கள் முகத்தில் தெரியலாம். கடுமையான வகையில் பெரும்பாலான கருக்கள் தாமாகவே கலைந்துவிடும். லேசான வகையோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் இருக்கிறார்கள்.

செல்கள் எண்ணிக்கையில் குறைந்தால்

பெருமூளையின் மேலுறையில் சுமார் 1600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை எல்லாமே நீர் அறைகளின் சுவரை ஒட்டியிருக்கும் மூலச்செல்களிலிருந்து வந்தவை. மூலச்செல் முதலில் தன்னைப் போலவே இரண்டாகப் பிரிந்து எண்ணிக்கையைப் பெருக்கும். போதுமான அளவு பெருகியபிறகு நரம்பணுக்களை உருவாக்க ஆரம்பிக்கும். முதல் கட்டத்திலேயே மூலச்செல்கள் குறைந்துபோனால், கடைசியில் கிடைக்கும் நரம்பணுக்கள் பல மடங்கு குறையும். மூளை சிறிதாகும், மூளை சிறிதானால் மண்டையோடும் சிறிதாகவே இருக்கும். இதுதான் மைக்ரோசெஃபலி.

மண்டை சிறுத்ததால் மூளைக்கு இடமில்லாமல் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. மண்டையோட்டை விரிக்கும் வேலையை மூளைதான் செய்கிறது. வளராத மூளையின்மேல் எலும்பும் விரியாது. அதனால் எலும்பை வெட்டி விரிப்பதால் இந்தக் குழந்தைகளுக்குப் பலன் இல்லை.

மூலச்செல்களைக் குறைக்கும் காரணங்கள் பல. சில குடும்பங்களில் மரபணு மாற்றம். சில சமயம் நோய்த்தொற்று: ருபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மை, சைட்டோமெகலோ வைரஸ், பிரேசிலில் 2015இல் பரவிய ஜிகா. ஜிகா வைரஸ் இந்த மூலச்செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்ததற்குக் காரணமே சிறிய தலையோடு பிறந்த குழந்தைகள்தான். மதுவும் இந்தப் பட்டியலில் உண்டு. ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சின்போது கருவில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், 8 முதல் 15 வாரக் கருவாக இருந்தவர்களிடம்தான் மூளைப் பாதிப்பு மிக அதிகமாக இருந்தது. நரம்பணுக்கள் மும்முரமாக உருவாகி இடம்பெயரும் வாரங்கள் அவை.

இடம் மாறி நின்றால்

உருவான நரம்பணு பிறந்த இடத்திலேயே நின்றுவிடக் கூடாது. நீர் அறையின் சுவரிலிருந்து மூளையின் வெளிப்பரப்புவரை அது நகர்ந்து போகவேண்டும். இந்த நகர்வு முக்கியமாக மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை நடக்கும். மூலச்செல்களிலிருந்து வெளிப்பரப்புவரை நீளும் மெல்லிய இழைகளைப் பற்றிக்கொண்டு நரம்பணுக்கள் ஏறும். பிந்திக் கிளம்பியவை முந்திப் போனவற்றைக் கடந்து இன்னும் வெளியே போய் நிற்கும். இப்படித்தான் மேலுறையின் ஆறு அடுக்குகளும் உருவாகின்றன.

நகர உதவும் புரதங்களைத் தரும் மரபணு பழுதானால் நரம்பணுக்கள் பாதி வழியில் குவிந்துவிடும். அடுக்குகள் சரியாக அமையாமல், மடிப்புகள் உருவாகாமல், மூளையின் பரப்பு வழவழவென்று இருக்கும். இது லிஸ்ஸென்செஃபலி. இதில் கடுமையான வலிப்பும் வளர்ச்சிக் குறைவும் இருக்கும். வேறொரு வகையில் நரம்பணுக்களில் ஒரு சிறு கூட்டம் மட்டும் கிளம்பாமல் அறைச் சுவரிலேயே தங்கிவிடும். இவர்களில் பலர் படித்து, வேலைக்குப் போய், இயல்பாக வாழ்வார்கள். பதின்பருவத்தில் வலிப்பு வந்து எம்ஆர்ஐ எடுக்கும்போதுதான் விஷயமே தெரியவரும். பிறவிக் குறைபாடு என்றாலே பிறந்தவுடன் கண்ணில் படும் என்று நினைத்துவிடக் கூடாது.

தலையில் நீர்

மூளையின் அறைகளில் ஒரு தெளிந்த திரவம் ஊறிக்கொண்டே இருக்கும். பெரியவர்களில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர். அது அறை அறையாக இறங்கி, மூளையைச் சுற்றி ஓடி, மறுபடி ரத்தத்தில் கலந்துவிடும். வழியில் ஒரு மிகக் குறுகலான இணைப்பு உண்டு. அது அடைபட்டால் மேலே உள்ள அறைகள் வீங்கும். இது ஹைட்ரோசெஃபலஸ். குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காததால் தலை பெரிதாகும். தாய் குடித்த தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீரை அறையிலிருந்து வயிற்றுக்குள் வடியவிடும் மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் வைப்பது பரவலான சிகிச்சை. தக்க நேரத்தில் வைத்தால் பல குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள்.

மண்டையோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டால்

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலும் கோளாறு மூளையிலோ அது உருவாகும் குழாயிலோ தொடங்கியது. எலும்பிலேயே தொடங்கும் ஒன்றும் உண்டு. மண்டையின் மேற்பகுதி தனித்தனி எலும்புத் தகடுகளால் ஆனது. தகடுகளுக்கு நடுவே உள்ள இடைக்கோட்டுக்குத் தையல் என்று பெயர். தையல்கள் சந்திக்கும் மென்மையான இடம்தான் உச்சிக்குழி. முன்பக்கத்துக் குழி பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மூடும். பிறக்கும்போது தலையின் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். முதல் வருடத்தில் மட்டும் 12 சென்டிமீட்டர் கூடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து, தையலின் ஓரங்களில் புதிய எலும்பு சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு தையல் காலத்துக்கு முன்பே எலும்பாகி ஒட்டிக்கொண்டால் அது கிரேனியோசினோஸ்டோசிஸ். ஏறக்குறைய 2000 முதல் 2500 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஒட்டிய தையலுக்குக் குறுக்கே எலும்பு வளர முடியாது. மூளையோ வளர்வதை நிறுத்தாது. திறந்திருக்கும் மற்ற தையல்களை அது தள்ளும். உச்சியின் நடுவே முன்னும் பின்னுமாக ஓடும் தையல் ஒட்டினால் தலை பக்கவாட்டில் விரியாமல் முன்னும் பின்னும் நீளும். ஆக, தலையின் வடிவத்தைப் பார்த்தே எந்தத் தையல் ஒட்டியிருக்கிறது என்று ஊகிக்கலாம். இந்த விதியை ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவர் 1851இலேயே எழுதிவிட்டார். ஒரே ஒரு தையல் மட்டும் ஒட்டிய குழந்தைகளில் மூளை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதல் வயதுக்குள் செய்யும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும்.

மல்லாந்து படுப்பதால் பின்தலை ஒருபக்கம் தட்டையாவது வேறு. அதில் தையல் ஒட்டுவதில்லை. தட்டையான பக்கத்துக் காது சற்று முன்னே தள்ளியிருக்கும். விழித்திருக்கும்போது கவிழ்த்துப் போட்டு விளையாடவிட்டாலே பலருக்குச் சரியாகிவிடும். தலை தட்டையாகிவிடும் என்று பயந்து குழந்தையைக் குப்புறத் தூங்கவைக்கக் கூடாது. தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் ஆபத்தைத் தவிர்க்க மல்லாந்து தூங்குவதுதான் பாதுகாப்பு.

பல தையல்கள் ஒட்டி, கைவிரல்களும் கால்விரல்களும் சேர்ந்திருக்கும் ஏபர்ட் நோய்க்கூறு என்று ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஏறக்குறைய எல்லா நேர்வுகளிலும் தந்தையின் விந்தணுவில் புதிதாக உண்டானது. தந்தையின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். யாரும் செய்த தவறல்ல அது. தாயை மட்டும் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இதை ஒருமுறையாவது படிக்கவேண்டும்.

"ஸ்கேனில் நார்மல் என்றார்களே?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், எந்த வாரத்தில் பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது. இங்கே மருத்துவர் கணக்கு. அனென்செஃபலியை 11 முதல் 14 வார ஸ்கேனிலேயே காணமுடியும்; அப்போது மண்டை எலும்பு தெரிந்தாக வேண்டும். ஸ்பைனா பிஃபிடாவைப் பெரும்பாலும் 18 முதல் 20 வார ஸ்கேனில், தலையில் தெரியும் மாற்றங்களை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் 20 வாரத்தில் எல்லாக் கருவின் மூளையும் ஏறக்குறைய வழவழவென்றுதான் இருக்கும். மடிப்புகள் பிறகுதான் பெருகும். அதனால் லிஸ்ஸென்செஃபலியை அந்த ஸ்கேனில் எவ்வளவு தேர்ந்த கண்ணாலும் பிரித்தறிய முடியாது. நீர் அடைப்பு, சிறிய தலை போன்றவை சில சமயம் ஏழாம் மாதத்துக்குப் பிறகே அளவில் தெரியும்.

அடுத்த குழந்தை

"அடுத்ததுக்கும் வருமா?" என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. நரம்புக் குழாய்க் குறைபாடு என்றால் திரும்ப வரும் வாய்ப்பு நூற்றில் சில. அதையும் முன்கூட்டியே எடுக்கும் அதிக அளவு ஃபோலிக் அமிலம் வெகுவாகக் குறைக்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்த மைக்ரோசெஃபலி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு. புதிதாக உண்டான மரபணு மாற்றம் என்றால் மிகமிகக் குறைவு. கர்ப்பகாலத் தொற்று காரணம் என்றால், அது மரபு வழியாகத் தொடராது. எனவே "மூளைக் குறைபாடு" என்று பொதுவாக எழுதிய காகிதத்தோடு மருத்துவமனையை விட்டு வராதீர்கள். குறைபாட்டின் சரியான பெயர், குழந்தையின் எம்ஆர்ஐ, முடிந்தால் மரபணுப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, அடுத்த கருத்தரிப்புக்கு முன்பே ஒரு மரபணு ஆலோசகரிடம் காட்டுங்கள்.